புத்தகத்து நாயும் எங்கள் ஊர் ரீமும்

சல்ஹாவிடம் "முடியாது" என்று சொன்னவர்கள் எல்லோரும் பின்னால் வருத்தப்பட்டிருக்கிறார்கள். பாலைவன ஓரத்துத் தூஸ் ஊரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் தெரியாது. அவர்கள்தான் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

ஐம்பத்து மூன்று வயது. ஊர் மருத்துவமனையில் மூட்டுப் பயிற்சி கொடுக்கும் அறை அவளுடையது. பேரீச்சை மரத்திலிருந்து விழுந்தவன், ஒட்டகத்திடம் உதை வாங்கியவன், மோட்டார் சைக்கிளைச் சுவரில் கொண்டுபோய் முட்டியவன் என்று இருபத்தாறு வருடமாக ஊரின் முழங்கால்கள் எல்லாம் அவள் கையில் மடங்கி நிமிர்ந்திருக்கின்றன. அவளிடம் ஒரு பாகைமானி உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அரைவட்டம் இல்லை. இரண்டு நீளப் பட்டைகளை நடுவில் ஓர் ஆணியால் கோத்தது. ஒரு பட்டையைத் தொடை எலும்பின் மேலும், மற்றதைக் கீழ்க்கால் எலும்பின் மேலும் வைத்தால், ஆணிக்கு மேலே இருக்கும் வட்டத்தில் மூட்டு எத்தனை பாகை நிமிர்கிறது என்று தெரிந்துவிடும். "கத்தினா மூட்டு திரும்பாதுடா, மடக்கு" என்பாள். மடக்கித்தான் ஆக வேண்டும்.

அவள் ஸ்லூகிகளை அளக்க ஆரம்பித்தது பதினோரு வருடத்துக்கு முன்னால். வேட்டைக்காரர் ஒருவர் தன் முழங்காலைக் காட்ட வந்தார். முயல் விரட்டும் ஒல்லி வேட்டைச் சாதியான அவருடைய ஸ்லூகி வாசல் மரத்தடியில் கட்டியிருந்தது. சல்ஹா அவர் காலைப் பிடித்தபடியே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகல. வெளிய நிக்கிறவளுக்குத்தான் ஆகியிருக்கு" என்று சொல்லிவிட்டு, பாகைமானியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள். வரிசையில் இருந்த ஒருவர் கத்தினார், மனிதனை அளக்கும் சாமானால் நாயை அளப்பதா என்று. சாமானைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஸ்லூகியை நாய் என்று சொல்லிவிட்டாரே என்றுதான் வரிசை முழுவதும் அவர்மேல் பாய்ந்தது. எங்கள் பக்கத்தில் நாய் என்றால் குப்பைமேட்டில் குரைப்பது. ஸ்லூகி என்றால் கூடாரத்துக்குள் படுத்து, வீட்டுக்காரன் தின்பதைத் தின்பது. அந்த வாரமே சல்ஹா சிவப்பில் இன்னொரு பாகைமானி வாங்கினாள். அது ஸ்லூகிகளுக்கு மட்டும்.

ரீம் அவளிடம் வந்தது போன பிப்ரவரியில். மணல் நிறம், கறுத்த மூக்கு, ஓடினால் காது முதுகில் ஒட்டிக்கொள்ளும். சல்ஹாவின் அத்தை மகன் லஸ்ஹருடைய ஸ்லூகி. முப்பது வருடத்துக்கு முன்னால் இந்த லஸ்ஹருக்கும் சல்ஹாவுக்கும் கல்யாணம் என்று இரண்டு குடும்பமும் தேதி வரைக்கும் போய்விட்டது. மாட்டேன் என்று சல்ஹா ஒற்றைக் காலில் நின்றாள். அவர் வேறொருத்தியைக் கட்டினார், அவளும் போய்ச் சேர்ந்தாள். ஒட்டகங்களைத் தவிர இப்போது அவருக்கு மிச்சம் ரீம்தான். ஒரு வண்டி இடித்து ரீமின் இடது பின்னங்கால் தொடை எலும்பு உடைந்தது. பக்கத்து நகரத்துக் கால்நடை மருத்துவர் தகடு வைத்து எலும்பைச் சேர்த்துவிட்டு, "இனி இது வாசல்ல படுத்திருக்கும், அவ்வளவுதான்" என்றார்.

"யார் சொன்னது?" என்று கேட்டாள் சல்ஹா.

அன்றிலிருந்து பத்து மாதம். தோப்பு ஓரத்தில் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. அதன் தண்ணீர் விழுவது ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியில். மருத்துவமனைக்குப் போகும் முன்பு தினமும் அதில் பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கி, ரீமை வயிற்றில் தாங்கித் தண்ணீரில் நடக்கவைத்தாள். பிறகு துண்டில் படுக்கவைத்து மூட்டுகளை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவாள். வெள்ளிக்கிழமைதோறும் அளப்பாள். ஏப்ரலில் நூற்றுப் பத்து பாகைக்கு மேல் நிமிராத முழங்கால், நவம்பரில் நூற்று ஐம்பத்தொன்று வந்தது. வலது காலும் அதே நூற்று ஐம்பத்தொன்றுதான். டிசம்பர் திருவிழாவில் ரீம் முயல் விரட்ட ஓடுவாள் என்று லஸ்ஹர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். சல்ஹாவும் தலையாட்டியிருந்தாள். ஓடி ஜெயித்தால் ரீமின் குட்டிக்கு ஊர் ஊராக ஆள் வரும் என்பது லஸ்ஹரின் கணக்கு. வாசலில் படுத்திருக்கும் என்று சொன்னவர் அதைப் பார்க்க வேண்டும் என்பது சல்ஹாவின் கணக்கு.

அந்த வருடம் புதிதாக ஒரு விதி வந்தது. தலைநகரத்திலிருந்து ஒரு குழு வந்து ஸ்லூகிகளைப் பரிசோதித்துப் பட்டியலில் ஏற்றும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் திருவிழாவில் ஓடலாம். திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால், ஒரு புதன்கிழமை, அந்தக் குழுவின் கால்நடை மருத்துவர் டாக்டர் நூமான் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது, மரியாதையான பேச்சு, மணலுக்கு ஏற்காத வெள்ளைச் சப்பாத்து. கையில் எஃகுப் பாகைமானி, தடியான புத்தகம். இளைஞர் மன்றத்தின் ஓடு பதித்த கூடத்தில் மேசை போட்டார்கள்.

அவர் எல்லா ஸ்லூகிக்கும் மூட்டு அளக்கவில்லை. அடிபட்டது என்று சொல்லப்பட்டதை மட்டும்தான் அளந்தார். ரீமைப் படுக்கவைத்து இடது முழங்காலை நீட்டி அளந்தார், வலதை அளந்தார், புத்தகத்தைத் திறந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"நூத்தி ஐம்பத்தொண்ணு. நூத்தி அறுபத்தி ரெண்டு வரணும். ரெண்டு காலுமே விறைப்பு. இந்த நாயை ஏத்த முடியாது."

நாய் என்றதும் கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. லஸ்ஹரின் முகத்தில் ஈயாடவில்லை. சல்ஹா முன்னால் வந்தாள்.

"டாக்டரே, அடிபட்டது இடது கால். வலது கால்ல ஈகூட உட்காரல. ரெண்டும் ஒரே அளவுன்னா உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"பிறவியிலேயே விறைப்பா இருக்கலாம். நீங்க யாரு?"

"ஆஸ்பத்திரில மூட்டு பார்க்கிறவ. இந்தக் காலை நிமித்தினவ."

"மனுஷங்களுக்குத்தானே?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. கேலி செய்யும் எண்ணம் அவருக்கு இருந்ததா என்று தெரியவில்லை. ஆனால் நாலு பேர் சிரித்துவிட்டார்கள், அது போதும் சல்ஹாவுக்கு.

"அந்த நூத்தி அறுபத்தி ரெண்டு, எந்த நாயை அளந்து எழுதினது? பக்கத்தைத் திருப்புங்க, பார்ப்போம்."

அவர் திருப்பினார். நல்ல மனிதர்தான், மறைக்கவில்லை. "லாப்ரடார்."

"அது எப்படி இருக்கும்?"

"கொஞ்சம் கனமா இருக்கும். குளிர் நாட்டுல, தண்ணில விழுந்த வாத்தை எடுத்துட்டு வரும்."

"வாத்து தூக்கற குண்டு நாயை அளந்து வச்ச அளவுக்கு எங்க ரீம் கால நீட்டணுமா? உங்க சப்பாத்த ஒட்டகத்துக்கு மாட்டிப் பாருங்களேன்."

கூடம் இடிந்துவிடும்போல் சிரித்தது. டாக்டருக்குக் காது சிவந்தது. ஸ்லூகிக்குத் தனி அளவு யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா, இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் தன்னிடம் இருக்கும் எண்ணை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது என்பதுதான் சல்ஹாவுக்கு இன்னும் எரிச்சல்.

"எப்ப கிளம்பறீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"அதுவரைக்கும் ரீம் பேருக்கு நேரா பேனா வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே வந்தவள் நேராகப் போனது ஹஃப்ஸியா வீட்டுக்கு. ஊரே வாயைப் பிளந்தது. ஹஃப்ஸியா ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ஆறு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சல்ஹாவின் அண்ணன் மகள் கல்யாண விருந்தில், கோதுமை ரவைக் கூஸ்கூஸில் உப்பு அதிகம் என்று ஹஃப்ஸியா நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள். உப்பை எண்ணிப் பார்த்தீங்களா டீச்சர் என்று சல்ஹா கேட்டாள். அதோடு முடிந்த உறவு.

கதவைத் திறந்த ஹஃப்ஸியா, "வழி தப்பி வந்துட்டியா?" என்றாள்.

"எனக்கு எண் படிக்க ஆள் வேணும். நான் அளப்பேன், எண் உன் பக்கம் இருக்கும், நீ படிச்சு எழுதணும். எனக்குச் சொல்லக்கூடாது."

"ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

"என்னைப் பிடிக்காதவங்கள்ல கணக்கு தெரிஞ்சவ நீ ஒருத்திதான். நீ எழுதினா ஒருத்தனும் வாய் திறக்க முடியாது."

ஹஃப்ஸியா கதவை முழுசாகத் திறந்துவிட்டாள். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேட உள்ளே போனாள்.

வியாழன், வெள்ளி, சனி. ஆஸ்பத்திரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, ஹஃப்ஸியாவின் மருமகனுடைய பழைய வண்டியில் தூஸ், பக்கத்து ஊர்கள் ஸாஃப்ரான், ஃபவார் என்று ஸ்லூகி கட்டிய வாசல் ஒன்று விடாமல் இறங்கினார்கள். ஸ்லூகியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வீட்டுக்காரர் தலையைத் தடவிக்கொண்டிருக்க, சல்ஹா முழங்காலை மெதுவாக நீட்டுவாள். வலி வரும் இடத்துக்கு முன்னால் நிறுத்திப் பட்டைகளை எலும்போடு சேர்ப்பாள். எண் இருக்கும் பக்கம் ஹஃப்ஸியாவை நோக்கி. ஒரு காலுக்கு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் காலை விட்டுவிட்டு, முதலிலிருந்து. ஹஃப்ஸியா பரீட்சைத் தாள் திருத்தும் முகத்தோடு எழுதினாள், ஒரு தடவை புருவம்கூடத் தூக்கவில்லை. எந்த வீட்டிலும் தேநீர் குடிக்காமல் விடவில்லை. மூன்று நாளில் குடித்த தேநீருக்குச் சல்ஹாவின் நாக்கே துவர்த்துப்போயிற்று.

அளந்து முடிந்ததும் இன்னொன்றும் செய்தாள். வாசல் மணலை ஒரு பேரீச்சை மட்டையால் வழித்துச் சமமாக்கி, ஸ்லூகியை அதன்மேல் ஓட்டமும் நடையுமான குதிநடையில் கூட்டிப்போகச் சொன்னாள். பின்பு டேப்பை விரித்து, இடது தடத்திலிருந்து வலது தடம் வரை, வலதிலிருந்து இடது வரை எத்தனை சென்டிமீட்டர் என்று முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் எடுத்தாள். எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. காணாமல் போன ஒட்டகத்தை, அது சினையா, எந்தக் கண் குருடு என்று தடத்தை வைத்தே சொல்லுகிறவர்கள். டேப் எதற்கு என்றுதான் சிரித்தார்கள். "நீங்க சொன்னா டாக்டர் நம்ப மாட்டாரு. சென்டிமீட்டர் சொன்னா நம்புவாரு" என்றாள்.

நாற்பத்தொரு ஸ்லூகி. சனிக்கிழமை மதியம் ஹஃப்ஸியா கூட்டிப் பார்த்தாள், இரண்டு தடவை.

"சராசரி நூத்தி ஐம்பது. குறைஞ்சது நூத்தி நாப்பத்தாறு. அதிகம் நூத்தி ஐம்பத்தஞ்சு." கண்ணாடியைக் கழற்றினாள். "ரீம் நடுவுல நிக்கிறா. கூஸ்கூஸ்ல உப்பு அதிகம்தான், ஆனா இதுல நீ சொன்னது சரி."

சல்ஹாவுக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. மிச்சம் ரீமின் தடம் மட்டும்தான். அதை எடுக்கச் சாயங்காலம் லஸ்ஹரின் வாசலுக்குப் போனார்கள்.

ரீம் குதிநடையில் போனாள், அழகாக. சல்ஹா டேப்பை விரிக்கக் குனிந்தாள். விரிக்கவே தேவைப்படவில்லை. வலது பின்னங்கால் ஆழமாகப் பதிந்து முழு நீளத்துக்கு எட்டு வைத்திருந்தது. இடது பின்னங்கால் மேலாகப் பட்டு, சீக்கிரமே எடுபட்டிருந்தது. அளந்தாள், இடது எட்டு நாலு சென்டிமீட்டர் குறைவு. மூட்டு சரிதான். ஆனால் ரீம் அந்தக் காலை நம்பவில்லை. உள்ளே எங்கேயோ வலிக்கிறது, எலும்பிலோ தகட்டிலோ.

தலை நிமிர்வதற்குள் லஸ்ஹர் தன் கம்பளி அங்கியின் விளிம்பைத் தடத்தின்மேல் இழுத்துக்கொண்டு நடந்துவிட்டார். எங்கள் ஊரில் திருடன்தான் தடத்தை அழிப்பான். அவருக்கும் அது தெரியும். செய்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

"எத்தனை நாளா தெரியும்?" என்று கேட்டாள் சல்ஹா.

"மூணு வாரமா. வேகம் எடுத்தா மட்டும்தான். திருவிழா முடியட்டும் சல்ஹா, அப்புறம் ஆறு மாசம் படுக்கட்டும். இப்ப எழுதிடாத."

சல்ஹாவுக்குக் கோபம் அவர்மேல் மட்டும் இல்லை. பத்து மாதம் தண்ணீரிலும் துண்டிலும் வைத்துப் பாகையையே பார்த்துக்கொண்டிருந்தாளே, ஒருநாள் மணலில் ஓடவிட்டுப் பார்த்தாளா? அந்த டாக்டர் எண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று சிரித்தவள், தானும் அதையேதான் செய்திருந்தாள். அது அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. காகிதத்தில் நாலு சென்டிமீட்டரை எழுதினாள். ஹஃப்ஸியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. டாக்டர் நூமான் மூட்டுக் காகிதங்களை முழுக்கப் படித்தார். தடக் காகிதத்தைச் சல்ஹா இன்னும் கொடுக்கவில்லை. நம்பாமல் அங்கேயே இருந்த நாலு ஸ்லூகிகளைத் தன் கையால் அளந்தார். நூற்று நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, ஐம்பது, நாற்பத்தொன்பது. புத்தகத்தை மூடினார்.

"என் புத்தகத்துல ஸ்லூகி இல்ல. ஒத்துக்கறேன்."

ஓடு பதித்த தரையில் ரீமை ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார். வழுவழுப்பில் எல்லா ஸ்லூகியும் கவனமாகத்தான் அடி வைக்கும், ஒன்றும் தெரியவில்லை. பட்டியலில் பெயரை எழுதி, பக்கத்தில் "ஓடலாம்" என்றும் எழுதினார். பெண்கள் குலவையிட்டார்கள். லஸ்ஹர் ரீமைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். சல்ஹாவை யாரோ கட்டிப்பிடித்தார்கள். அவள் அந்தக் கையை விலக்கினாள்.

"இன்னும் முடியல. எல்லாரும் வெளிய மணலுக்கு வாங்க."

"பேர் வந்தாச்சு, விடு" என்றார் லஸ்ஹர்.

"பேர் வந்தது நியாயம். அதுக்குத்தான் சண்டை போட்டேன். ஆனா ரீம் ஓடக்கூடாது."

கூட்டம் பொங்கியது. பைத்தியமா உனக்கு, நீதானே டாக்டரோடு மல்லுக்கு நின்றாய் என்று எல்லாப் பக்கமும் குரல். லஸ்ஹர் கையை உயர்த்தினார்.

"பாருங்கய்யா! அன்னிக்கு என்னை வேணாம்னா. இன்னிக்கு என் ரீமும் வேணாமாம்!"

சிரிப்பு எழுந்தது. சல்ஹா அசையவில்லை.

"உன்னை வேணாம்னு சொன்னது எவ்வளவு சரின்னு நேத்து சாயங்காலம்தான் முழுசா தெரிஞ்சுது. தைரியம் இருந்தா அவளை இந்த மணல்ல ஓட்டு. அங்கியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு ஓட்டு."

அங்கி என்றதும் அவருக்கு முகம் மாறியது. பின்வாங்க வழியில்லை. ஓட்டினார். டாக்டர் டேப்பைப் பிடித்துக் குந்தினார்.

"நாலு சென்டிமீட்டர்" என்றார். "லேசான வித்தியாசம்தான். கண்ணுக்கு நொண்டல் தெரியல. விதிப்படி ஓடலாம்."

"உங்க விதிக்கு வலிக்காது டாக்டரே, அவளுக்குத்தான் வலிக்கும். முயலைப் பார்த்தா நாலு காலையும் கொடுப்பா. அந்த எலும்பு தாங்கலன்னா மைதானத்துல எல்லாரும் கைதட்டும்போது உடையும்." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இங்க நாப்பது பேர் ஸ்லூகி வச்சிருக்கீங்க. இது நல்ல கால் தடம்னு ஒருத்தர் சொல்லுங்க. ஒரே ஒருத்தர். நான் இப்பவே வாயை மூடிக்கறேன்."

ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஆட்கள் வியாபாரத்தில் பொய் சொல்லுவார்கள், கல்யாணம் பேசும்போது சொல்லுவார்கள். தடத்தில் சொன்னதில்லை. லஸ்ஹர் கீழே காறித் துப்பிவிட்டு, ரீமைக் கூட்டிக்கொண்டு போனார். ஓடவிடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சல்ஹாவுக்கு அவரைத் தடுக்க எந்த அதிகாரமும் இல்லை. அந்த வாரம் முழுவதும் கடைத்தெருவில் அவளைப் பார்த்தவர்கள் தெருவின் மறுபக்கம் மாறிப் போனார்கள். ஹஃப்ஸியா மட்டும் ஒருநாள் ஒரு தட்டு கூஸ்கூஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதில் உப்பே இல்லை.

திருவிழா அன்று மைதானத்தின் கோட்டில் நாற்பது ஸ்லூகிகள். அவற்றையும் தாண்டி, வரிசையின் கடைசியில், பூத்தையல் போட்ட கழுத்துப்பட்டையோடு, ரீமைப் பிடித்துக்கொண்டு லஸ்ஹர்.

சல்ஹா யாரையும் கேட்கவில்லை. கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கினாள். காவலர் விசில் ஊதினார், ஆயிரம் பேர் கத்தினார்கள். நடந்துபோய் லஸ்ஹரின் முன்னால் நின்றாள்.

"என்னைத் தாண்டித்தான் அவளை விடணும்."

லஸ்ஹரின் கண் கலங்கியிருந்தது. ரீமின் கயிற்றை அவள் கையில் திணித்தார்.

"விட வரலடி. வீட்ல கட்டிப் போட்டா சத்தம் கேட்டுச் சுவர்ல முட்டிக்கிறா. இங்க வந்தா... என் கை என் பேச்சைக் கேக்காது, விட்டுடும். நீயே பிடி."

அதற்குள் முயலை விட்டுவிட்டார்கள். நாற்பதும் ஒரே புழுதியாகக் கிளம்பின. ரீம் ஒரே இழுப்பில் சல்ஹாவை மண்டியிட வைத்தாள். சல்ஹா கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவளை மார்போடு கட்டிக்கொண்டாள். ரீம் பிள்ளை மாதிரி அலறினாள், தோளைப் பிறாண்டினாள், நகம் சட்டையைக் கிழித்துத் தோலில் இறங்கியது. பக்கத்தில் லஸ்ஹர் முகத்தை அங்கியால் மூடிக்கொண்டு நின்றார். சல்ஹாவும் அழுதாள், ஆனால் பிடியை ஒரு விரல்கூடத் தளர்த்தவில்லை.

"கத்துடி" என்றாள் அந்தக் காதுக்குள். "என்னைத் திட்டு. காலம் பூரா திட்டு. நாலு காலோட நின்னு திட்டு."